மூணாறு ஏன் அந்தப் பள்ளத்தில் உருவானது? ஆறு, ரயில், வெள்ளம், லயம்

சமவெளிக்காரன்:

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி. மூணாறு பற்றித் தேடினால் எந்த விடுதியில் தங்கலாம், எங்கே போட்டோ எடுக்கலாம் என்பதற்கு மேல் ஒன்றும் கிடைப்பதில்லை. எனக்கு வேண்டியது அந்த ஊர் அமைந்த விதமும் அதன் வரலாறும். வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மூன்று விஷயங்கள் பிடிபடவே இல்லை. முதலாவது, சுற்றிலும் இவ்வளவு மேடு இருக்க, முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்று மூன்று ஆறுகள் வந்து கூடுகிற அடிப்பள்ளத்தில், அதுவும் இப்படி மழை கொட்டுகிற மலையில், எதற்காகக் கடைத்தெருவை வைத்தார்கள்? இரண்டாவது, 1924 வரை அங்கே ரயில் ஓடியிருக்கிறது. ஆனால் அது துறைமுகம் இருக்கிற மேற்குப் பக்கம் போகாமல் கிழக்கே மலை முடிகிற விளிம்பு வரை போய் நின்றிருக்கிறது, ஏன்? மூன்றாவது, எல்லோரும் 1877-ல் ஒரு வெள்ளைக்காரர் வந்ததிலிருந்துதான் கதையை ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்பு அங்கே மனுஷரே இல்லையா? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், எவ்வளவு நீளமானாலும் படிப்பேன்.

போடிமெட்டு:

முதல் இரண்டு கேள்விக்கும் விடை நிலத்தின் சாய்வில் இருக்கிறது. நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்குகிற மலையாக இதை நினைத்துக்கொண்டால் ஒன்றுமே விளங்காது. ஒரு முறத்தைக் கிழக்கு விளிம்பு தூக்கலாகவும் மேற்கு விளிம்பு தாழ்வாகவும் சாய்த்து வைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

போடிநாயக்கனூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர். அங்கிருந்து குரங்கணி போய் அண்ணாந்து பார்த்தால் டாப் ஸ்டேஷன் விளிம்பு 1700 மீட்டருக்கு மேலே செங்குத்தாக நிற்கும். காலில் ஏறினால் முழங்கால் கழன்றுவிடும். ஆனால் ஏறி முடித்து மறுபக்கம் திரும்பினால், குண்டளைப் பள்ளத்தாக்கு நிதானமாகச் சரிந்துகொண்டே போய், மாட்டுப்பெட்டி தாண்டி, சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிற மூணாறில் சேர்கிறது. முப்பது கிலோமீட்டருக்கு மேல் தூரம், இறக்கம் சில நூறு மீட்டர்தான். தண்ணீரும் அதே சாய்வில்தான் ஓடுகிறது. விளிம்புக்கு மேற்கே விழுகிற மழை முதிரப்புழையில் சேர்ந்து பெரியாற்றில் கலந்து அரபிக்கடலுக்குப் போகிறது, கிழக்கே விழுவது கொட்டகுடி ஆறாக எங்கள் பக்கம் இறங்கி வைகைப் படுகைக்கு வருகிறது.

இப்போது கடைத்தெருவுக்கு வருவோம். தேயிலைக்கு மழை நிறைய வேண்டும், ஆனால் வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. அதனால் சரிவு நிலம் அத்தனையும் தேயிலைக்குப் போய்விட்டது, ஈரம் கசிகிற அடிப்பள்ளம் தேயிலைக்கு உதவவில்லை. தோட்டங்களோ மூன்று ஆற்றின் பள்ளத்தாக்கிலும் பரவிக் கிடந்தன, வண்டிப்பாதையானாலும் தண்டவாளமானாலும் ஆற்றோரமாகத்தான் போட முடியும். மூன்று பாதையும் தானாகவே வந்து முட்டுகிற இடம் அந்தக் கூடல்தான். ஆபீஸ், பட்டறை, சந்தை, ஸ்டேஷன் எல்லாம் அங்கே வந்தது அதனால்தான். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது தேயிலையின் கணக்கு. வெள்ளத்தைப் பற்றி அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை.

பாதசாரி:

நல்ல விளக்கம் அண்ணே. ஆனால் 1924-க்கு முன்பே ஆலுவாயிலிருந்து மூணாறுக்கு ஒரு ரோடு இருந்ததே, கோதமங்கலம், பூயங்குட்டி, மாங்குளம் வழியாக? அப்படியிருக்க மேற்கு வழி முடியாத வழி என்று எப்படிச் சொல்வது?

போடிமெட்டு:

முடியாது என்று நான் சொல்லவில்லை தம்பி. இருந்தது, ஆனால் நீளமான, அடர்ந்த காட்டுக்குள் போகிற வழி. தென்மேற்குப் பருவமழையின் முழு அடியையும் வாங்குகிற பக்கம் அது. கிழக்கே சிரமம் எல்லாம் அந்த ஒரே இறக்கத்தில்தான். அதைச் சமாளித்துவிட்டால் கீழே காய்ந்த சமவெளி, மாட்டு வண்டி, மதுரை வரை தடையில்லை. அரிசியும் வேலையாட்களும் அந்தப் பக்கம்தான் கிடைத்தார்கள். தேயிலைப் பெட்டியை இறக்கினால் மட்டும் போதாதே, தோட்டத்தில் இருக்கிறவர்களுக்குச் சோறு மேலே ஏற வேண்டுமே.

தண்டவாளம்:

ரயில் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு உயிரான விஷயம் இது.

1902-ல் முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். எவிங் முறை என்று பெயர், பின்னால் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடியதும் இதே முறைதான். பாதையோரமாகத் தரையில் ஒரே ஒரு தண்டவாளம் ஓடும். வண்டியின் பாரம் கிட்டத்தட்ட முழுவதும் அதன்மேல் உருளுகிற சக்கரங்களில் இருக்கும், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு பெரிய சக்கரம் ரோட்டில் உருண்டு வண்டி கவிழாமல் பார்த்துக்கொள்ளும். இழுத்தது மாடுகள். 1908-ல் இதை எடுத்துவிட்டு இரண்டு அடி அகல இருப்புப்பாதை போட்டு நீராவி எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே என்று பெயர். மூணாறில் கிளம்பி மாட்டுப்பெட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை.

அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பி வழியாகக் கீழே இறங்கும், ரோப்வே. கீழ் முனை குரங்கணி, கொட்டகுடி பக்கம், அங்கிருந்து வண்டியில் போடி. குரங்கணியிலிருந்து மேலே நடந்தால் வழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு சின்ன ஊர் வரும், அதற்கும் மேலே டாப் ஸ்டேஷன். ரயிலும் ரோப்வேயும் போன பிறகும் ஊர்ப் பெயராக இரண்டும் நிற்கின்றன.

சுற்றுலா வருகிறவர்கள் டாப் ஸ்டேஷனில் நின்று பள்ளத்தைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எதற்காக அங்கே ஸ்டேஷன் என்று ஒரு பெயர் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு வட்டாரத்தின் மொத்த ஏற்றுமதியும் இறக்குமதியும் நடந்த வாசல் அது. மூணாறில் இருந்த ஸ்டேஷன் கட்டடம் இன்றைக்கும் தேயிலைக் கம்பெனியின் வட்டார அலுவலகமாக இருக்கிறது, ஆனால் அந்த வழியாகத் தினமும் போகிற எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது சந்தேகம்தான்.

சமவெளிக்காரன்:

அருமை. இந்த ரயில் வெள்ளத்தில் போனது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நடந்தது என்ன? ஆறு பெருகித் தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போனதா?

மழைமானி:

ஆறு பெருகியதோடு நிற்கவில்லை. 1924 ஜூலை, மலையாள ஆண்டு 1099. கேரளத்தில் இன்றைக்கும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றே சொல்கிறார்கள். மாத நடுவில் தொடங்கிய மழை விடவே இல்லை. அந்த ஒரு மாதத்தில் மூணாறில் பெய்ததாகப் பதிவாகியிருக்கிற அளவு 4850 மில்லிமீட்டர். சாதாரணமாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம்.

இந்த மலையின் பாறை பெரும்பாலும் கிரானைட்டும், நைஸ் என்கிற உருமாறிய பாறையும். மிகப் பழைய, உறுதியான பாறை. ஆனால் அதன் மேல் மக்கிச் சிதைந்த மண் கனமாகப் படிந்திருக்கிறது. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், பாறைக்குள் இறங்க வழியில்லை. மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே தேங்கித் தேங்கி ஒரு கட்டத்தில் மேல் மண்ணை அப்படியே நழுவ விட்டுவிடும். அன்றைக்குப் பல இடத்தில் அப்படிச் சரிந்தது. மாட்டுப்பெட்டி பக்கம் சரிந்த மண்ணும் மரமும் பாறையும் ஆற்றின் குறுக்கே விழுந்து அடைத்து, தானாக ஒரு அணை உருவாகி, பின்னால் தண்ணீர் ஏரியாக நின்றது. அந்த அடைப்பு உடைந்தபோது நின்ற தண்ணீர் மொத்தமும் பள்ளத்தாக்கு வழியே இறங்கியது, கீழே கூடலில் மூணாறு. கடைத்தெரு, பாலம், தண்டவாளம் எல்லாம் அதன் வழியில் இருந்தன. ஆற்றோரம்தான் பாதை போட முடியும் என்று போடிமெட்டு அண்ணன் மேலே எழுதினாரே, அதை இங்கே சேர்த்துப் படியுங்கள்.

மேற்கே அதே மழையில் கரிந்திரி மலை சரிந்து பழைய ஆலுவாய் ரோட்டைக் கொண்டுபோய்விட்டது. ஒரே வெள்ளத்தில் ஊருக்கு ரயிலும் போய், மேற்கு ரோடும் போய்விட்டது.

பாதசாரி:

அப்புறம் ரயிலை ஏன் திரும்பப் போடவில்லை?

தண்டவாளம்:

பாலங்களையும் பாதையின் அடித்தளத்தையும் புதிதாகவே கட்ட வேண்டிய நிலை, லாரி வரத் தொடங்கிவிட்ட காலம். அப்படியே கைவிட்டுவிட்டார்கள். மேற்கே வேறு வழியாக, நேரியமங்கலம், அடிமாலி வழியாகப் புது ரோடு போட்டு 1931-ல் திறந்தார்கள், நேரியமங்கலம் பாலம் 1935-ல் வந்தது. அதோடு ஊர் மேற்கே பார்க்க ஆரம்பித்தது. இதில் எனக்கு மனசு ஆறாத ஒன்று உண்டு. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-ல். மேலே ரயில் இருந்தபோது கீழே இல்லை, கீழே வந்தபோது மேலே இல்லை. நான்கே வருஷ இடைவெளி. இரண்டும் ஒரே காலத்தில் இருந்திருந்தால் கிழக்கு வழியே பெரிய வழியாக நிலைத்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

போடிமெட்டு:

அந்தப் போடி ரயிலையும் போர்க் காலத்தில் பிடுங்கிவிட்டு, ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். பிறகு அகலப்பாதை வேலைக்காக நிறுத்தி, பல வருஷம் கழித்து 2023 ஜூனில்தான் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் மாலையும் கையுமாக ஸ்டேஷனுக்குப் போனதற்குக் காரணம் இருக்கிறது. ஏலக்காய் வியாபாரம் முழுக்க மலையை நம்பித்தான்.

அஞ்சுநாட்டுக்காரன்:

மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லையே, நான் மறையூர் பக்கம், நானே எழுதுகிறேன்.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். 1879-ல் வடதிருவிதாங்கூர் நிலத் தோட்ட வேளாண் சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தி ஆளுக்கொரு பக்கம் காட்டை வெட்டினார்கள். முதலில் போட்டது தேயிலை மட்டும் இல்லை. சிங்கோனா, காபி, ஏலம் என்று எல்லாவற்றையும் முயன்று பார்த்தார்கள். 1880-ல் ஷார்ப் என்பவர் பார்வதி தோட்டத்தில் தேயிலை வைத்தார், அதுதான் பிறகு மலை முழுக்கப் பரவியது. 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி. இது எல்லாம் பத்திரத்தில் இருக்கிற வரலாறு. பத்திரம் எழுதக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார் என்றால் அதற்கு முன்பே அந்த இடத்துக்கு ஒரு கணக்கு இருந்தது என்றுதானே அர்த்தம்? பூஞ்சாறு குடும்பம் தங்களைப் பாண்டிய வழி என்றே சொல்லிக்கொள்கிறது.

ஆனைமுடிச் சிகரத்துக்கு வடகிழக்கே இறங்கினால் மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரயூர், கொட்டகுடி. இந்த ஐந்தும் சேர்ந்ததுதான் அஞ்சுநாடு. தமிழ் பேசுகிற விவசாயக் கிராமங்கள், தேயிலைக்கு ரொம்பக் காலம் முன்பே இருந்தவை. மறையூர்ப் பாறைகளின் மேல் முனியறைகள் நிற்கின்றன, நான்கு பக்கமும் பலகைக்கல் நட்டு மேலே ஒரு கல் மூடிய பெருங்கற்கால அடக்க இடங்கள். அப்புறம் முதுவர்கள் என்ற பழங்குடி மக்கள். மதுரையிலிருந்து மலையேறி வந்ததாக அவர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். இந்த மலையில் எந்த ஓடை எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியும், வெள்ளைக்காரர்கள் நடந்ததும் அவர்கள் போட்ட தடத்தில்தான். கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தான இடமலக்குடி 2010-ல் வந்தது, அது முதுவர்களின் ஊர். 1877-க்கு முன்பு யாரும் இல்லை என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கம் ஒருமுறை வந்து போகட்டும்.

சாய்வு பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆனைமுடி 2695 மீட்டர், இமயமலைக்குத் தெற்கே இதைவிட உயரமான இடம் இந்தியாவில் இல்லை. மழை மேகம் அதில் மோதித் தன்னிடம் இருப்பதை எல்லாம் மூணாறு பக்கமே கொட்டிவிடுகிறது. எங்கள் பக்கம் மழை மறைவு. இன்னும் கீழே சின்னாறு போனால் வருஷத்துக்கு 500 மில்லிமீட்டர் அளவில்தான் மழை, முள்காடு. பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தும் அங்கே தேயிலை, இங்கே சந்தனமரமும் கரும்பும். எங்கள் பாம்பாறும் மூணாறுத் தண்ணீரோடு போவதில்லை, கிழக்கே இறங்கி அமராவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு அந்த மண்ணும் இந்த வெயிலும்தான் காரணம்.

லயத்துப்பிள்ளை:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன், நிறைய விஷயம் தெரிந்துகொண்டேன், நன்றி. ஆனால் தேயிலைப் பெட்டி எப்படி இறங்கியது என்று இவ்வளவு பேசிவிட்டு, கொழுந்து எடுத்த ஆட்கள் எப்படி ஏறினார்கள் என்பதை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். என் பாட்டியின் அப்பா கங்காணி பின்னால் நடந்து ஏறி வந்தவர், திருநெல்வேலிச் சீமையில் மழை பொய்த்துப்போன காலம். கங்காணி முன்பணம் கொடுப்பார், ஆளைக் கூட்டி வருவார், மேலே போன பிறகு அந்த முன்பணம் கடனாகிச் சம்பளத்தில் கழியும். ஊருக்குத் திரும்புவது என்பது கடன் தீர்ந்த பிறகுதான். இந்த மலையில் தண்ணீர் மேற்கே போகிறது, ஆட்கள் கிழக்கே இருந்து வந்தார்கள். அதைச் சொல்லாமல் மூணாறு வரலாறு இல்லை.

லயம் பார்த்திராதவர்களுக்காக எழுதுகிறேன். நீளமாக ஒரே கட்டடம், ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள். ஒரு கதவுக்குள் ஒரு குடும்பம். முன்னால் ஒரு அறை, பின்னால் விறகு அடுப்பு எரிகிற சமையல் இடம். மழைக்காலத்தில் ஈர விறகின் புகை வெளியே போக வழியில்லாமல் துணி, பாய், தலைமுடி எல்லாவற்றிலும் ஏறிவிடும். அடுத்த வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். விடிகாலையில் எழுந்து சமைத்துவிட்டு மஸ்டருக்கு, அதாவது வருகைப் பதிவுக்கு, ஓட வேண்டும். இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு ஈரச் செடிக்குள் இறங்கினால் அட்டை கால் விரலுக்கு நடுவே ஏறும், நின்று பிடுங்க நேரம் இருக்காது. எடை குறைந்தால் காசு குறையும்.

இந்த வீடு வேலையோடு வருகிற வீடு, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஊரில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கிவிடலாம் என்றால் அதற்கும் வழி கிடையாது. மலை முழுக்கக் கம்பெனியின் குத்தகையாக இருந்தது, 1971-ல் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டம் வந்து தோட்டம் போக மீதி அரசுக்குப் போனது. மூன்று நான்கு தலைமுறை உழைத்த குடும்பம் ஓய்வு பெற்றதும் எங்கே போகும்? பலர் பார்த்தே இராத பூர்வீக ஊருக்குப் போகிறார்கள், அல்லது பிள்ளைக்குத் தோட்டத்தில் வேலை வாங்கிக் கொடுத்து அதே லயத்தில் இருந்துகொள்கிறார்கள். என் அக்கா படிப்பை விட்டது அதற்காகத்தான்.

பாதசாரி:

அக்கா, இதை எழுதியதற்கு நன்றி. 1956-ல் மாநிலங்களைப் பிரித்தது பற்றியும் சொல்லுங்கள். தேவிகுளம், பீர்மேடு தமிழ்நாட்டோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் இன்றும் சொல்கிறார்கள்.

லயத்துப்பிள்ளை:

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அதற்காகப் போராடியது. 1955-ல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குக் கொடுக்கச் சொன்னது, தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கொடுக்கச் சொல்லவில்லை. இங்கே தமிழர்கள் அதிகம் என்பது தோட்ட வேலைக்கு வந்து போகிற ஆட்களால்தான் என்பது ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. இதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. எந்த மாநிலம் என்பதுகூட இரண்டாவது பேச்சு. எங்களை வந்து போகிறவர்கள் என்று எழுதினார்களே. யாரும் போகவில்லை, அங்கேயே பிறந்து அங்கேயே செத்தோம்.

1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் வந்து தமிழில் பாடித்தான் லயம் லயமாக ஓட்டுக் கேட்டார். அந்தத் தேர்தலில் ரோசம்மா ஜெயித்தார். கேரள அரசியலுக்கு எங்கள் மொழி தேவைப்பட்டது, அந்த மொழி பேசியவர்களுக்கு ஒரு சென்ட் நிலம் தேவைப்பட்டது மட்டும் யார் காதிலும் விழவில்லை.

2015 செப்டம்பரில் எங்கள் பெண்களே தெருவுக்கு வந்தார்கள், பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்ற பெயரில். போனஸ் 20 சதவீதத்திலிருந்து பாதியாகக் குறைந்தது, நாள் கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டேயே விடவில்லை, தாங்களே ரோட்டில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தது அந்தக் கூடலில் இருக்கிற அதே மூணாறு டவுனில்தான், மூன்று பள்ளத்தாக்கிலிருந்தும் நடந்து வந்து. போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது, பிறகு கூலி 301 ஆனது. 500 கேட்டோம்.

சமவெளிக்காரன்:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், பெட்டிமுடி லயங்களை மூடிய நிலச்சரிவும் இந்தக் கதையில்தானே வருகிறது? அது மழையால் வந்த விபத்து என்றுதான் அப்போது செய்தியில் படித்தேன்.

மழைமானி:

மழை காரணம்தான், ஆனால் மழை பாதிக் காரணம். 2020 ஆகஸ்ட் 6 இரவு. நான் 1924 பற்றி மேலே எழுதிய அதே விதத்தில்தான், பாறை மேல் இருந்த மண் தண்ணீர் குடித்து நழுவியது. பிளந்தது மேலே காட்டுச் சரிவில், லயம் இருந்த இடத்தில் இல்லை. ஆனால் அப்படிப் பிளந்த மண்ணும் பாறையும் ஓடை போகிற பள்ளத்தைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கும், இறங்கிய வழியில் லயங்கள். 70 உயிர். மின்சாரமும் போனும் இல்லாததால் வெளியே தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது. 2018 வெள்ளத்தில் சேதமான பெரியவரைப் பாலத்துக்குப் பதிலாக வைத்திருந்த தற்காலிகப் பாலமும் போயிருந்ததால் மீட்பு வண்டிகள் சேரத் தாமதம்.

நான் பாதி என்று சொன்னதன் மீதிப் பாதி, யாரை எந்த இடத்தில் குடிவைத்தார்கள் என்பது. தோட்டம் போட்ட காலத்தில் பங்களாக்கள் காற்றும் காட்சியும் உள்ள மேட்டில் வந்தன. லயங்கள் தண்ணீருக்குப் பக்கத்தில், ஓடையோரத்தில் வந்தன, குழாய் போடுகிற செலவு மிச்சம். கடைத்தெரு எப்படி வெள்ளத்தின் வழியில் வந்ததோ அப்படித்தான் இதுவும்.

லயத்துப்பிள்ளை:

இறந்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறுப் பக்கம். அங்கே இருக்கிற சொந்தங்கள் வந்து சேர்வதற்கும், பெருந்தொற்றுக் காலத்தில் மாநில எல்லையில் பாஸ் வாங்க வேண்டியிருந்தது.

தண்டவாளம்:

ஒரு சின்னச் சேர்க்கை, ஊர் மேற்கே திரும்பியதற்கு ரோடு மட்டும் காரணம் இல்லை. 1940-ல் பள்ளிவாசல் மின்நிலையம் வந்தது, கேரளத்தின் முதல் புனல்மின் திட்டம். முதிரப்புழைத் தண்ணீர்தான். அந்த மின்சாரம் ஆலுவாய்ப் பக்கம் அலுமினியத் தொழிற்சாலை தொடங்கவே காரணமானது. பிறகு குண்டளையிலும் மாட்டுப்பெட்டியிலும் அணை கட்டினார்கள். 1924-ல் மண் சரிந்து தானாக அணை உருவான அதே பள்ளத்தாக்கில் இன்று கான்கிரீட் அணை நிற்கிறது, அதன் கரையில் படகுச் சவாரி.

மழைமானி:

ஆமாம், 2018 ஆகஸ்டில் முதிரப்புழை பெருகி டவுனுக்குள் வந்தபோது இதைத்தான் நினைத்தேன். ஆற்றுக்குத் தன் பழைய அகலம் தெரியும், நாம்தான் அதற்குள் அறை கட்டி வாடகைக்கு விடுகிறோம். 1924-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று குறித்து, அந்தக் கோட்டுக்குள் புதுக் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்காமல் இருந்தாலே போதும். ஆற்றோரம் கட்டியிருப்பவர்களோடு சண்டை வரும், வரட்டும். லயங்களை ஓடைப் பள்ளத்திலிருந்து எடுத்து மேட்டில், அவரவர் பேருக்குப் பட்டாவோடு வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

போடிமெட்டு:

பட்டா என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். புது வீடு கட்டி அதையும் வேலையோடு முடிச்சுப் போட்டால் பழைய கதைதான்.

சமவெளிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கேட்டது மூன்று கேள்வி, வந்தது அதைவிடப் பெரிய விஷயம். அடுத்த முறை போனால் கொச்சி வழியாகப் போகப் போவதில்லை. போடி வரை ரயில், பிறகு குரங்கணி, சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன் என்று ஏறி, குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே மூணாறுக்கு இறங்கலாம் என்று எண்ணம். முடியுமா?

போடிமெட்டு:

வழி இருக்கிறது, ஆனால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற வந்தவர்கள் இறந்தார்கள், அதன் பிறகு கட்டுப்பாடு கடுமை. கோடையில் காய்ந்த புல் பற்றினால் காற்று மேல்நோக்கி இழுக்கும், ஓடித் தப்ப முடியாது. அனுமதி கிடைக்கவில்லை என்றால் போடிமெட்டு வழியாகப் பஸ்ஸில் போங்கள், 17 கொண்டை ஊசி வளைவு, பூப்பாறை, பெரியகானல், கேப் ரோடு வழியாக மூணாறு. கேப் ரோட்டில் மழைக்காலத்தில் பாறை சரியும், அதனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம். மூணாறு போனதும் அங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தனியாக ஒரு பஸ் பிடித்துக்கொள்ளலாம். போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

அஞ்சுநாட்டுக்காரன்:

திரும்பும்போது மறையூர், சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கினால் மழைக்காட்டிலிருந்து முள்காடு வரை ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். சின்னாறுச் சாலையில் யானை நடமாட்டம் உண்டு, இருட்டுவதற்குள் சோதனைச்சாவடியைத் தாண்டிவிடுங்கள்.